பெரிய சேனலா, தனி ஆளா? செய்தி வீடியோக்களில் பொய் எங்கிருந்து நுழைகிறது?

கேள்விக்குறி:

வீட்டில் ஒரு வாரமாக ஓடும் சண்டையை இங்கே இழுத்துக்கொண்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். காலையில் எழுந்ததிலிருந்து கையில் போன், போனில் செய்தி வீடியோ. போன வாரம் குடும்பக் குழுவில் ஒரு ஷார்ட்ஸ் போட்டார். வெள்ளத்தில் ஒரு பாலம் அப்படியே அடித்துக்கொண்டு போகிறது, மேலே சிவப்பில் "இன்று காலை". எனக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம். தேடினால் அதே பாலம், அதே சாய்ந்த மரம், நாலு வருடத்துக்கு முந்தைய வீடியோ, நாடும் வேறு. காட்டினேன். "ஊர் பேர் தெரியாதவன் போட்டதா இது? டிவிக்காரன் லோகோ இருக்கு பார்" என்றார். உண்மையிலேயே இருந்தது.

இத்தனை நாள் நான் நினைத்துக்கொண்டிருந்தது, பொய் பரப்புவது முகம் காட்டாத சேனல்களும் வியூஸுக்காகத் தொண்டை கிழியக் கத்தும் தனி ஆட்களும்தான், பெரிய நிறுவனங்கள் அவசரத்தில் தப்பு விட்டாலும் திருத்திக்கொள்ளும் என்று. அப்பா சொல்வது நேர் எதிர்: பெரிய சேனலுக்குப் பின்னால் ஒரு முதலாளி இருப்பான், தனி ஆளுக்கு யாரும் இல்லை, அதனால் அவன்தான் உள்ளதைச் சொல்வான். (லோகோவைப் பார்த்து அந்தப் பாலத்தை நம்பியவரும் இவர்தானே என்று கேட்டேன். வால்யூமைக் கூட்டிவிட்டார்.)

இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே மாதிரியா தப்பு செய்கிறார்கள், இல்லை ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி இருக்கிறதா?


எடிட்டிங்_டேபிள்:

அந்தப் பாலம் எப்படி வந்திருக்கும் என்று என்னால் யூகிக்க முடிகிறது, ஏனென்றால் இதே வேலையை என் கையாலேயே செய்திருக்கிறேன். ஒரு செய்தி சேனலின் டிஜிட்டல் டெஸ்க்கில் நாலு வருடம் இருந்தேன், எது என்று கேட்காதீர்கள்.

வெள்ளச் செய்தி வருகிறது, நிருபரிடமிருந்து இன்னும் விஷுவல் வரவில்லை. புல்லட்டினுக்கு ஏழு நிமிடம். "ஃபைல்ல எதாவது போடுப்பா" என்பார் புரொட்யூசர். பழைய வெள்ளக் காட்சி ஒன்றை எடுத்து ஓட்டுவோம், வலது மேல் மூலையில் சின்னதாக "கோப்புக் காட்சி" என்று போடுவோம். அதுவரை யாரும் பொய் சொல்லவில்லை. டிவியில் பார்ப்பவர் கவனித்தால் புரிந்துகொள்ளலாம், கவனிக்காவிட்டால் அது அவர் பாடு.

அப்புறம் அதே க்ளிப் எங்கள் டெஸ்க்குக்கு வரும், ஷார்ட்ஸுக்கு. டிவி படம் 16:9, அகலம். போன் படம் 9:16, நெட்டுக்குத்து. முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு நெட்டையாக வெட்டினால் அகலத்தில் சுமார் 32 சதவீதம்தான் மிஞ்சும், கணக்குப் போட்டுப் பாருங்கள். மீதி இரண்டு பக்கமும் போய்விடும். மூலையில் இருந்த "கோப்புக் காட்சி" அதோடு போய்விடும். லோகோவும் போயிருக்க வேண்டும், ஆனால் லோகோவை மட்டும் நாங்கள் மறுபடி நடுவில் ஒட்டுவோம், அது இல்லாமல் வெளியே விட்டால் திட்டு விழும். "கோப்புக் காட்சி"யை ஒட்டாததற்கு ஒருநாளும் யாரும் திட்டியதில்லை. தலைப்பு எழுதுகிற பையன் அடுத்த ஷிஃப்ட், முழு புல்லட்டினை அவன் பார்த்திருக்கவே மாட்டான், வெட்டிய க்ளிப்பைப் பார்த்துத்தான் எழுதுவான். பாலம் உடைகிறது, தேதி இன்று, "இன்று காலை" என்று போட்டுவிடுவான். மூன்று பேர், மூவரும் அவரவர் வேலையைத்தான் செய்தார்கள், கடைசியில் வெளியே போனது முழுப் பொய்.

என் விஷயத்தில் இரண்டு மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்து அழித்தோம். யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே லிங்கில் வேறொன்றாக மாற்ற முடியாது, கொஞ்சம் வெட்டலாம், மங்கலாக்கலாம், இல்லையென்றால் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். அழித்தால் வந்த வியூஸும் போகும், அதனால் நிறைய இடங்களில் வீடியோவை அப்படியே விட்டுவிட்டு டிஸ்க்ரிப்ஷனில் ஒரு வரி திருத்தம் போடுவார்கள். டிஸ்க்ரிப்ஷனை யார் திறந்து பார்க்கிறார்கள்? நாங்கள் அழிப்பதற்குள் வேறு சேனல்கள் அதை எடுத்துப் போட்டுவிட்டன, எங்கள் லோகோவோடு. உங்கள் அப்பா பார்த்தது அந்த மாதிரி ஒன்றாகவும் இருக்கலாம், டிவிக்காரன் போட்டதாகவே இல்லாமலும் இருக்கலாம்.

தம்ப்நெயில் இன்னொரு கதை. இப்போது யூடியூபே ஒரு வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை ஏற்றி, எதற்கு அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று சோதித்துக்கொள்ள வசதி தருகிறது. அடக்கமானது ஒன்று, நடுத்தரம் ஒன்று, கொளுத்திப் போடுவது ஒன்று. எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளே இருக்கும் செய்தி சரியாகவே இருக்கும், ஒரு வார்த்தை தவறாது. ஆனால் பாதிப் பேர் தம்ப்நெயிலைப் பார்த்துவிட்டுக் கீழே தள்ளிப் போகிறவர்கள், அவர்களுக்கு அந்தப் படம்தான் செய்தி.


பழைய_ரேடியோ:

எடிட்டிங் தம்பி சொன்னது மூலையில் இருந்த எழுத்து தொலைந்த கதை. எழுத்தே போடாமல் பெரிய நிறுவனமே விழுந்த கதையும் உண்டு. 2019 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி நியூஸ், வடக்கு சிரியாவில் துருக்கி நடத்தும் தாக்குதல் என்று இரவில் தீப்பிழம்பு பறக்கும் வீடியோ ஒன்றை ஒளிபரப்பியது. அது கென்டக்கி மாநிலத்தில் ஒரு துப்பாக்கி சுடும் திடலில் வேடிக்கைக்காக நடந்த இரவுச் சுடுதலின் பழைய வீடியோ. அப்புறம் மன்னிப்புக் கேட்டார்கள். யூடியூபில் கிடந்த ஒன்று டிவிக்குப் போய், டிவி முத்திரையோடு மறுபடி யூடியூபுக்கே திரும்பி வந்தது. இந்தச் சுற்றைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன், யார் பெரியவர் சின்னவர் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

நீங்கள் இருவரும் விட்டுவிட்ட ஓர் ஆள் அரசாங்கம். அரசுப் பணத்தில் ஓடும் சேனல்களில் அப்பட்டமான பொய்யைத் தேடினால் பல நாள் கிடைக்காது. பெரும்பகுதி சாதாரணச் செய்தியாக இருக்கும், கவர்ச்சியாகவும் இருக்கும். ரஷ்ய அரசுப் பணத்தில் ஓடும் ஆர்டி சேனல் 2013-லேயே யூடியூபில் 100 கோடி வியூஸ் தாண்டியது. அதில் கூட்டத்தை இழுத்த வீடியோக்களில் பலவற்றில் அரசியலே கிடையாது, ஜப்பான் சுனாமி, ரஷ்யாவில் விழுந்த விண்கல் இந்த மாதிரி. சுனாமி பார்க்க வந்தவன் சப்ஸ்கிரைப் பண்ணிவிட்டுப் போவான், தேவைப்படும் நாளில் தேவையான செய்தி அவனிடம் போய்ச் சேரும். எதைச் சொல்கிறார்கள் என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கும், அதை எந்த உண்மை சரிபார்ப்பாளரும் "தவறு" என்று முத்திரை குத்த முடியாது, சொல்லாததை எப்படிச் சரிபார்ப்பது?

யூடியூப் 2018-லிருந்து இந்த மாதிரி சேனல்களின் வீடியோவுக்குக் கீழே "அரசு நிதியில் இயங்குவது" என்று குறிப்பு போட ஆரம்பித்தது. நல்லதுதான். ஆனால் அது சேனலோடு ஒட்டிய குறிப்பு. யாரோ க்ளிப்பை வெட்டி வேறு இடத்தில் போட்டால் குறிப்பு கூட வராது. தம்பியின் கோப்புக் காட்சி மாதிரியேதான். 2022 மார்ச்சில் ஆர்டியை யூடியூப் உலகம் முழுக்க முடக்கியது, அதன் பிறகு வந்த வழக்கு இன்னும் சுவாரசியம். 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை போட்ட குற்றப்பத்திரிகையில், ஆர்டி ஊழியர்கள் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரு கோடி டாலரை டென்னசியில் இருந்த ஒரு கம்பெனி வழியாக ஓட்டி, ஏற்கெனவே பெயர் வாங்கிய அமெரிக்க யூடியூபர்களை வைத்து வீடியோ போட வைத்தார்கள் என்று இருந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று தங்களுக்குத் தெரியாது, ஏமாற்றப்பட்டோம் என்றார்கள் அந்த யூடியூபர்கள். கேள்விக்குறி, உங்கள் அப்பா "தனி ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லை" என்கிறாரே, இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பின்னால் நிற்பவன் யாரென்று சில சமயம் அந்தத் தனி ஆளுக்கே தெரிவதில்லை.


அரைத்தூக்கம்:

தனி ஆள் வந்திருக்கிறேன். செய்தி விளக்கச் சேனல், சின்னது, எனக்குப் பின்னால் ஒரு மேசை விளக்கு மட்டும்தான் இருக்கிறது.

முதலில் பணம். வீடியோ 8 நிமிடத்தைத் தொட்டால்தான் யூடியூபில் நடுவில் விளம்பரம் செருகலாம். 2020 ஜூலைக்கு முன்னால் அது 10 நிமிடம். ஒரு அமைச்சர் ராஜினாமா செய்தார் என்பது நாற்பது நொடிச் செய்தி. மீதி ஏழு நிமிடத்தை எதை வைத்து நிரப்புவது? "இதற்குப் பின்னால் என்ன நடந்திருக்கலாம்" என்று ஆரம்பிப்போம். மூன்றாவது நிமிடத்தில் "நடந்திருக்கலாம்", ஐந்தாவதில் "நடந்ததாகச் சொல்கிறார்கள்", ஏழாவதில் "நடந்தது நமக்குத் தெரியும்". ஒரே வீடியோவுக்குள், எந்தப் புது ஆதாரமும் வராமல். என் பழைய வீடியோ ஒன்றை உட்கார்ந்து எழுத்தில் இறக்கிப் பார்த்தபோது இதைக் கண்டுபிடித்தேன், வெட்கமாக இருந்தது. பேசும்போது துளிகூட உறைக்கவில்லை.

நடுவில் எடிட்டர் என்று ஒருவர் இல்லை என்பதுதான் எங்கள் நோய். "இது உனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்க ஆள் கிடையாது, கேட்பவர்கள் எல்லாம் ஏற்றிய பிறகு கமென்டில்தான் வருவார்கள், அதிலும் பாதி ரசிகர்கள். 2024-ல் யுனெஸ்கோ 45 நாடுகளில் 500 கன்டென்ட் கிரியேட்டர்களிடம் கேட்டதில் 62 சதவீதம் பேர் பகிர்வதற்கு முன்னால் ஒழுங்காகச் சரிபார்ப்பதில்லை என்று வந்தது. ஒரு தகவல் நம்பகமானதா என்று எதை வைத்துப் பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பத்தில் நாலு பேர் அதற்கு வந்த லைக்ஸ், வியூஸ் என்றார்கள். அதாவது பொய் ஒன்று நன்றாக ஓடினால், ஓடியதே அதற்குச் சான்றிதழ்!

அப்புறம் யாரும் பேசாத ஒன்று, கேட்பவர்கள் எங்களை வளைக்கிறார்கள். "இது பற்றி எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, இரண்டு தரப்பும் சொல்வதை வைக்கிறேன்" என்று நான் போட்ட வீடியோதான் அந்த வருடத்திலேயே குறைவாக ஓடியது. அடுத்த வீடியோவில் கொஞ்சம் குரலை உயர்த்தினேன், ஓடியது. எந்த முதலாளியும் போன் பண்ணி மிரட்டவில்லை, அந்தக் கிராஃப் ஒன்றே போதும்.


சும்மா_வந்தேன்:

எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். எவனையும் நம்பாதீர்கள், டிவியை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.


நாலாம்பக்கம்:

சும்மா_வந்தேன், குட்டை ஒன்றாக இருக்கலாம், மட்டைகள் வேறு வேறு. பிடித்துக் கேட்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள், வித்தியாசம் அங்கே தெரியும்.

அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் சேனல் கதை தெரிந்திருக்கும். 2020 அதிபர் தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்று ஒளிபரப்பியதற்கு, அந்த இயந்திரங்களைச் செய்யும் டொமினியன் வழக்குப் போட்டது. ஒளிபரப்பியவர்களில் சிலரே தனிப்பட்ட குறுஞ்செய்திகளில் அதை நம்பவில்லை என்பது நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் ஆனார்கள். அவர்கள் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை, தெரிந்தே செய்தது இன்னும் மோசம். ஆனால் முகவரி இருந்தது, வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது, உள்ளே என்ன பேசினார்கள் என்பது வெளியே வந்தது.

இப்போது மற்றதைப் பாருங்கள். முகமே இல்லாத சேனல், ஏஐ குரல், ஓடிக்கொண்டே இருக்கும் போட்டோக்கள். ஒரு நடிகரின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தி வைத்து "சற்று முன்... கண்ணீரில் திரையுலகம்" என்று தம்ப்நெயில். அவர் உயிரோடு நன்றாக இருப்பார், உள்ளே போய்ப் பார்த்தால் அவருடைய தூரத்துச் சொந்தக்காரர் யாரோ இறந்திருப்பார், அல்லது யாருமே இறந்திருக்க மாட்டார்கள், அவருடைய வாழ்க்கை வரலாறு ஓடும். இதைச் செய்பவனுக்கு அந்த நடிகர் மேல் விரோதமும் இல்லை, கொள்கையும் இல்லை. செய்தி உண்மையா பொய்யா என்ற கேள்வியே அவன் மேசைக்கு வருவதில்லை. ஒன்றை முடக்கினால் இன்னொன்று. 2025 ஜூலையில் யூடியூப், மொத்தமாக அச்சடித்த மாதிரி தயாராகும் வீடியோக்களுக்குப் பணம் கிடையாது என்ற விதியைக் கொஞ்சம் தெளிவாக்கியது. அதற்குப் பிறகும் என் ஃபீடில் மெழுகுவர்த்தி அணையவில்லை.

இன்னொரு மட்டை லோகோ திருடன். 2022 நவம்பரில் கத்தார் உலகக் கோப்பை நேரத்தில், உக்ரைன் ரசிகர்கள் தோஹாவில் நாஜிச் சின்னம் வரைந்து பிடிபட்டார்கள் என்று கத்தாரின் செய்திச் சேனலான அல் ஜசீராவின் லோகோ, அல் ஜசீரா எழுத்துரு எல்லாம் போட்டு ஒரு வீடியோ சுற்றியது. அல் ஜசீரா அப்படி ஒன்றைச் செய்யவே இல்லை. கேள்விக்குறி, நீங்கள் அந்தப் பால வீடியோவை லோகோவின் சொந்தச் சேனலுக்குப் போய்த் தேடிப் பார்த்தீர்களா? எடிட்டிங் சொன்னதுபோல வெட்டியதா, இல்லை ஒட்டியதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஏஐ, டீப்ஃபேக் (ஏஐ வைத்து ஒருவர் முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்குவது) என்று எல்லாரும் பயப்படுகிறார்கள், எனக்கு அதைவிடப் பயம் சாதாரண வேலைகள்தான். 2019 மே மாதம், அப்போது அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகராக இருந்த நான்சி பெலோசி குடித்துவிட்டு உளறுகிற மாதிரி ஒரு வீடியோ லட்சக்கணக்கில் ஓடியது. செய்ததெல்லாம் வேகத்தைச் சுமார் 75 சதவீதமாகக் குறைத்து, குரலின் சுருதியைச் சரிசெய்ததுதான். பள்ளிக்கூடப் பையன் போனில் செய்துவிடுவான்.


அரைத்தூக்கம்:

நாலாம்பக்கம் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒன்று. முகவரி இருப்பவனிடம் வழக்குப் போட டொமினியன் மாதிரி ஒரு கம்பெனி வேண்டும். பாலத்துக்கு யார் வழக்குப் போடுவார்கள்?

அப்புறம் பழி முழுவதையும் போடுகிறவன் மேலேயே வைக்கிறோம். 2018-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆட்கள் சயின்ஸ் இதழில் எழுதிய ஆய்வில், ட்விட்டரில் ஒருவரிடமிருந்து ஒருவராகப் பகிரப்பட்ட சுமார் 1,26,000 செய்திச் சங்கிலிகளைப் பார்த்தார்கள், உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிரப்பட 70 சதவீதம் அதிக வாய்ப்பு என்று வந்தது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை, மனிதர்கள்தான் பரப்பினார்கள். வீடியோ பற்றிய ஆய்வு இல்லை அது, ஆனால் வீடியோவில் நாம் திடீரென்று திருந்திவிட்டோம் என்று எனக்குத் தோன்றவில்லை.


கேள்விக்குறி:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. நாலாம்பக்கம் கேட்டதைச் செய்தேன். லோகோவுக்கு உரிய சேனலில் போய்த் தேடினேன், ஷார்ட்ஸ் இல்லை, ஆனால் அதே நாள் முழு புல்லட்டின் இருந்தது. பதினொன்றாவது நிமிடத்தில் அந்தப் பாலம், வலது மேல் மூலையில் எறும்பு சைஸில் "கோப்புக் காட்சி". எடிட்டிங் அண்ணா, நீங்கள் ஜோசியம் பார்க்கிறீர்களா?

ஷார்ட்ஸை அவர்களே போட்டு அழித்தார்களா, வேறு யாராவது வெட்டினார்களா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த மாதிரி சந்தேகம் வந்தால் சட்டென்று பார்க்க வேறு என்ன வழி?


எடிட்டிங்_டேபிள்:

ஜோசியம் இல்லை, குற்றவாளி தன் தெருவை மறக்க மாட்டான்.

நீங்கள் செய்ததுதான் முதல் வழி, முழு நீள மூலத்துக்குப் போவது. இரண்டாவது, வீடியோவை நிறுத்தி, எழுத்தோ லோகோவோ மறைக்காத ஒரு ஃபிரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாகத் தேடுவது. கூகுள் லென்ஸில் கிடைக்கவில்லை என்றால் யாண்டெக்ஸில் போட்டுப் பாருங்கள். கணினியில் என்றால் இன்விட் என்று ஒரு பிரவுசர் நீட்சி இருக்கிறது, லிங்கைக் கொடுத்தால் முக்கிய ஃபிரேம்களை அதுவே பிரித்துக் கொடுக்கும். தனி ஆள் வீடியோ என்றால் இதெல்லாம் உதவாது, அங்கே படம் சரியாகத்தான் இருக்கும், அரைத்தூக்கம் செய்தமாதிரி பேச்சை எழுத்தில் படியுங்கள். யூடியூபிலேயே டிரான்ஸ்கிரிப்ட் கிடைக்கும், எழுத்தில் பார்த்தால் "சொல்கிறார்கள்" எல்லாம் துருத்திக்கொண்டு நிற்கும். அரசு சேனல் என்றால் அதே செய்தியை அந்த அரசோடு ஒத்துப்போகாத ஓர் இடத்தில் பாருங்கள். மெழுகுவர்த்தி என்றால் எதுவும் பார்க்க வேண்டாம், கடந்து போங்கள்.


கேள்விக்குறி:

கடைசியாக ஒரு நிலவரம். அப்பாவிடம் மூலையில் இருந்த எழுத்தைக் காட்டினேன், கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தார். "அப்போ டிவிக்காரன் சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார், என்னவோ நான்தான் டிவிக்காரனைத் திட்டியது மாதிரி. டென்னசி கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த 8 நிமிடக் கணக்கு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது எந்த வீடியோ வந்தாலும் முதலில் நீளத்தைப் பார்க்கிறார், 8:04, 8:11 என்று இருந்தால் "வந்துட்டான் பார்" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

காட்டிவிட்டு அதையும் குழுவில் ஃபார்வர்டு செய்துவிடுகிறார்.